இரைப்பை பலூன் வைத்துக்கொள்ள துபாய் போகலாமா? குடியாத்தத்திலிருந்து ஒரு கேள்வி

குடியாத்தம் ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 36, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 96 கிலோ. இரண்டாவது குழந்தைக்குப் பின் ஏறிய எடை ஏழு ஆண்டுகளாக இறங்கவில்லை. மூன்று ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிட்டு வருகிறேன். தொடர்ந்து இரண்டு வகுப்புகள் நின்றால் முழங்கால் வீங்கிவிடுகிறது; மருந்துக்கடையில் வாங்கி வைத்திருக்கும் வலி மாத்திரை ஒன்றைப் போட்டால்தான் அன்றிரவு தூக்கம் வரும். பேலியோ உணவில் எட்டு மாதம் இருந்து 11 கிலோ குறைத்தேன். தேர்வு வேலைகளில் அதை விட்டதும் 14 கிலோ ஏறியது. அந்த முயற்சி தோற்ற பிறகு, வகுப்பறைக்குள் நுழையும்போதே மனம் கூசுகிறது.

என் அக்கா பன்னிரண்டு ஆண்டுகளாகத் துபாயில் குடியிருக்கிறார். அங்கே எடையைக் குறைக்க விழுங்கக்கூடிய இரைப்பை பலூன் வைக்கிறார்கள்; அது இரைப்பையில் இடத்தை அடைத்துக்கொள்வதால் கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுமாம். மடித்த பலூன் அடங்கிய மாத்திரையைத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். அதோடு இணைந்த மெல்லிய குழாய் வழியாக ஏறத்தாழ 550 மில்லி திரவத்தை நிரப்பி, எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு, குழாயை உருவி எடுத்துவிடுவார்கள். மயக்க மருந்து வேண்டாம், கத்தி வேண்டாம். சுமார் 16 வாரங்களில் பலூன் தானே காலியாகி மலத்தோடு வெளியேறிவிடும் என்கிறார்கள். மறுபடி எடுக்கப் போக வேண்டியதில்லை என்பதுதான் என்னை மிகவும் ஈர்த்தது. சென்னையில் ஒரு பயண முகவர் மூலமாக ஏற்பாடு நடக்கிறது. மே மாத விடுமுறையில் போய், பலூன் வைத்த நான்காம் நாள் திரும்புவதாகத் திட்டம்.

உள்ளூரிலேயே ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். வேலூரில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் வரிசையில் உறவினர் ஒருவராவது உட்கார்ந்திருப்பார். "உடம்பைக் குறைக்க வயிற்றில் பலூன் வைத்துக்கொண்டாள்" என்ற பேச்சு மாலைக்குள் என் மாமியார் காதுக்கு வந்துவிடும். கணவருக்கு மட்டும் தெரியும்.

முகவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படிவத்தில் வயது, உயரம், எடை, பாஸ்போர்ட் எண், உணவு ஒவ்வாமை ஆகியவை கேட்கப்பட்டிருந்தன, நிரப்பி அனுப்பிவிட்டேன். அதில் கேட்காத ஒன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்: இரண்டு பிரசவமும் சிசேரியன், 19 வயதில் குடல்வால் வெடித்து, வயிற்றைத் திறந்து அறுவை செய்திருக்கிறார்கள். பலூன் இரைப்பையில்தானே இருக்கப்போகிறது, இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டில் பலூன் வைத்துக்கொண்டு வந்தவர்கள் யாராவது இருந்தால், திரும்பி வந்தபின் இங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். போகும்வரை என்ன நடக்கும் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள்.

ராணிப்பேட்டை தோல் வணிகர்

சகோதரி, உங்கள் கேள்வியின் கடைசி வரிக்காகவே இதை எழுதுகிறேன். நான் 2019 அக்டோபரில் பாங்காக்கில் பலூன் வைத்துக்கொண்டேன். உங்களுடையது விழுங்கும் வகை. என்னுடையது எண்டோஸ்கோபி (வாய் வழியாக இரைப்பைக்குள் விடும் கேமரா குழாய்) மூலம் வைத்து, ஆறு மாதத்தில் எண்டோஸ்கோபி மூலமே எடுக்க வேண்டிய வகை. அப்போது என் எடை 118 கிலோ. வைத்த மருத்துவர் திறமையானவர், அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அங்கே நடந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை நான் விமானம் ஏறிய நாளில் இருந்தது. மூன்றாம் நாளே திரும்பும்படி பயணச்சீட்டு போட்டிருந்தார்கள். இரைப்பைக்குள் திடீரென்று ஒரு பெரிய பொருள் வந்து உட்கார்ந்தால், அதை வெளியே தள்ளத்தான் அது முயலும். முதல் மூன்று முதல் ஐந்து நாட்கள் வாந்தியும் குமட்டலும் வயிற்றுப் பிசைவும் பெரும்பாலானவர்களுக்கு வரும் என்பதை எனக்கு ஒரு வரியில் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வரியின் எடை விமானத்தில்தான் புரிந்தது. நள்ளிரவில் சென்னையில் இறங்கி, காரில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் நான்கு முறை நிறுத்தச் சொன்னேன். ராணிப்பேட்டை வந்து சேர்ந்தபோது நாக்கு மரக்கட்டை போல இருந்தது. நேராகத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியிருந்தது. இரண்டு நாள் சலைன் ஏறியது.

அங்கிருந்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த பலூன், எத்தனை மில்லி, உள்ளே என்ன இருக்கிறது?" என்பது. என் டிஸ்சார்ஜ் சம்மரியில் பாதி தாய்லாந்து எழுத்தில் இருந்தது. முகவரை அழைத்தோம்; மணி அடித்து ஓய்ந்தது. கடைசியில் என் மேல்சட்டைப் பையில் பலூனின் பெயரும் வரிசை எண்ணும் அச்சிட்ட சிறிய அட்டை கிடைத்தது. வைத்த அன்றே அதைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். நான்தான் போர்டிங் பாஸோடு சேர்த்துச் செருகி வைத்திருந்தேன். அந்த அட்டையைப் பார்த்த பிறகுதான் மருத்துவரின் முகத்தில் தெளிவு வந்தது.

அடுத்து எடுக்கும் கட்டம். 2020 ஏப்ரலில் நான் பாங்காக் திரும்பிப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். மார்ச் 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு. அதற்கு முன்பே வெளிநாட்டு விமானங்கள் நின்றுவிட்டன. ஆறு மாதத்திற்குள் எடுக்க வேண்டியது வயிற்றுக்குள் இருக்கிறது, போக வழியில்லை. சென்னையில் ஒரு மருத்துவமனையில் கேட்டபோது, தாங்கள் வைக்காத பலூனைத் தாங்கள் எடுப்பதில்லை என்றார்கள். மற்றொன்றில், அவசரமில்லாத எண்டோஸ்கோபிகளை எல்லாம் தள்ளிவைத்திருப்பதாகச் சொன்னார்கள். என் பலூனில் நீலச் சாயம் கலந்த உப்புநீர் இருந்தது; கசிந்தால் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ மாறும் என்று சொல்லியிருந்தார்கள். ஏழு வாரம், ஒவ்வொரு முறையும் விளக்கைப் போட்டுச் சிறுநீரின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவேன். மே மாதக் கடைசியில் இ-பாஸ் வாங்கிக்கொண்டு சென்னை போனோம். இரண்டாவதாகக் கேட்ட அதே மருத்துவமனையில் எடுத்தார்கள். எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

எடை 101 வரை இறங்கியது. இன்று 109. பலூன் பயனில்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஏழெட்டு மாதங்களில்தான் குறைவாகச் சாப்பிட்டு நிறைவதைக் கற்றேன். ஆனால் வைப்பதற்குத் தேடிய அக்கறையில் பாதியைக்கூட, இங்கே யார் கவனிப்பார்கள் என்பதைத் தேடுவதில் நான் காட்டவில்லை. நீங்கள் அதைப் போகும் முன்பே கேட்டுவிட்டீர்கள் என்பதில் எனக்கு ஆறுதல்.

ஓய்வுபெற்ற செவிலியர், சத்துவாச்சாரி

அன்புள்ள ஆசிரியைக்கு, எண்டோஸ்கோபி பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்றாகாது. ஆனாலும் நீங்கள் எழுதிய சில வரிகள் என்னைத் தூங்கவிடவில்லை.

முதலாவது, அந்தக் குடல்வால் அறுவை. தொடர்பில்லை என்று நினைக்கிறீர்கள்; தொடர்பு இருக்கிறது. வயிற்றைத் திறந்து செய்த அறுவைக்குப் பின், குடல் சுருள்கள் ஒன்றோடொன்றும் வயிற்றுச் சுவரோடும் நார் போல ஒட்டிக்கொள்வதுண்டு. வெடித்துச் சீழ் பரவிய குடல்வால் என்றால் அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். சாதாரணமாகச் சாப்பிடுவதெல்லாம் அந்த இடத்தைக் கடந்து போய்விடும். உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் விழுங்கும் பலூன் 16 வாரத்தில் காலியானதும், அந்தத் தோல் முழுவதும் சிறுகுடலின் பல மீட்டர் நீளத்தைக் கடந்து போக வேண்டும். குடல் ஒட்டி மடங்கியிருக்கும் இடத்தில் அது சிக்கிக்கொண்டால் குடல் அடைப்பு. அதற்கு அறுவை தேவைப்படலாம். பெரும்பாலானவர்களுக்கு அப்படி நடப்பதில்லை. ஆனால் நடக்கக்கூடியவர்கள் யார் என்று முன்கூட்டியே பிரித்துப் பார்ப்பதற்காகத்தான் பழைய அறுவைகளைப் பற்றிக் கேட்க வேண்டும். கேட்காத படிவத்தை ஒரு மருத்துவர் தயாரித்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. எடுக்க வேண்டியதில்லை என்பது உங்களை ஈர்த்தது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வயிற்றைப் பொறுத்தவரை, என்னை அஞ்சவைப்பது அதே அம்சம்தான்.

இரண்டாவது, அந்த வலி மாத்திரை. டைக்ளோபெனாக், ஐபுபுரூபென் போன்றவை இரைப்பையின் உள்தோலை அரிப்பவை. பலூனும் அதே தோலில் நாள் முழுவதும் உரசிக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் புண், இரத்தக்கசிவு, அரிதாக ஓட்டை விழுதல்வரை போகலாம். அதனால்தான் பலூன் இருக்கும் காலம் முழுவதும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுப்பார்கள், இத்தகைய வலி மாத்திரைகளைத் தொடக்கூடாது என்பார்கள். ஆண்டுக்கணக்கில் போட்டு வந்திருக்கிறீர்கள் என்றால் இப்போதே உள்ளே புண் இருக்கலாம். எண்டோஸ்கோபி மூலம் வைக்கும் பலூனில், வைப்பதற்கு முன் மருத்துவர் இரைப்பையை நேரில் பார்த்துவிடுவார். புண்ணோ பெரிய ஹையேடஸ் ஹெர்னியாவோ (இரைப்பையின் ஒரு பகுதி மார்புக்குள் ஏறியிருப்பது) இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார். விழுங்கும் வகையில், தனியாகக் கேட்டுச் செய்துகொண்டாலன்றி, உள்ளே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே நீங்கள் எங்கே வைத்துக்கொண்டாலும், அதற்கு முன் ஒரு எண்டோஸ்கோபியும், இரைப்பைப் புண்ணுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் கிருமிக்கான பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். வேலூரில் அதைச் செய்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; நெஞ்செரிச்சலுக்குத் தினமும் எத்தனையோ பேர் செய்துகொள்கிறார்கள்.

மூன்றாவது, கிளிமிபிரைடு. வாந்தியால் எதுவும் உள்ளே நிற்காத நாட்களில், வழக்கம்போல அந்த மாத்திரையைப் போட்டால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும். அந்த வாரத்துக்கு அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை உங்கள் சர்க்கரை மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். அவரிடம் மறைத்துவிட்டு இதைச் செய்ய முடியாது.

பலூன் புதிதல்ல என்பதையும் சொல்கிறேன். 1985லேயே அமெரிக்காவில் காற்று நிரப்பிய ஒரு பலூனுக்கு அனுமதி கிடைத்து, புண்ணும் குடல் அடைப்பும் ஏற்பட்டதால் சில ஆண்டுகளிலேயே அது சந்தையை விட்டுப் போயிற்று. உப்புநீர் நிரப்பும் ஆர்பெரா பலூனுக்கு 2015இல் அங்கே அனுமதி கிடைத்தது. பின்பு 2017இல், பலூன் வயிற்றுக்குள் தானாக மேலும் பெருத்துப்போவதையும், கணையத்தை அழுத்தி அழற்சி உண்டாக்குவதையும் பற்றி அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. 2018 ஜூன் நிலவரப்படி, திரவ பலூன் வைத்துக்கொண்டவர்களில் உலகெங்கும் 12 இறப்புகள் 2016 முதல் தங்களுக்குத் தெரிவிக்கப்பட்டிருப்பதாகவும் அறிவித்தது. வைத்துக்கொண்டவர்களின் தொகையோடு பார்த்தால் இது சிறியது. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அந்த அபாயங்கள் எல்லாம் வீட்டுக்குத் திரும்பிய பிறகு வருபவை. உங்கள் விஷயத்தில் வீடு என்பது குடியாத்தம்.

ஆகவே இதை எழுதி, வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்: ஒரு வாரத்துக்குப் பின்னும் நிற்காத வாந்தி, முதுகுவரை பாயும் மேல்வயிற்று வலி, கறுப்பு மலம், வயிறு உப்பிக் காற்றும் பிரியாத நிலை. இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வாரக்கணக்கில் வாந்தி நீடித்தால் தயமின் என்ற வைட்டமின் குறைந்து நரம்புகளும் மூளையும் பாதிக்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எடை எவ்வளவு குறையும் என்றால், உடல் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து. உங்களுக்குப் பத்து முதல் பதினான்கு கிலோ என்று எதிர்பார்க்கலாம். பேலியோவில் நீங்கள் குறைத்ததும் அதே அளவுதான் என்பதைக் கவனியுங்கள். அது தோல்வி என்று எழுதியிருந்தீர்கள், நான் அப்படி நினைக்கவில்லை. 2025இல், சர்க்கரையையும் எடையையும் குறைக்க வாரம் ஒருமுறை போடும் டிர்செபடைட் போன்ற ஊசிகளும் இந்தியாவில் விற்பனைக்கு வந்துவிட்டன. சர்க்கரையும் இருப்பதால் அதைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

மே மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நன்றாகச் சாப்பிடுபவர்களுக்கே நீர்ச்சத்து நிற்காத அந்த நாட்களில், மிடறு மிடறாகக் குடிப்பவர் எப்படித் தாங்குவார்? முதல் சில நாட்கள் இளநீர், வடித்த கஞ்சித் தண்ணீர், தெளிந்த ரசம் போன்றவைதாம். சர்க்கரை இருப்பதால் இளநீரின் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு நீர்மோர், மெல்லிய கேழ்வரகுக் கஞ்சி, அதன்பின் குழையப் பிசைந்த பருப்பு என்று இரண்டு மூன்று வாரங்களில் மெல்ல ஏற வேண்டும். மே நடுவில், வைகாசி முதல் நாள், உங்கள் ஊரில் கங்கையம்மன் சிரசுத் திருவிழா. வீடு நிறைய உறவினர் வந்து இலை போட்டு உட்காரும்போது, நீங்கள் மட்டும் கஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு எப்படி இதை மறைக்கப்போகிறீர்கள், அம்மா?

காந்தி ரோடு விடுதிக்காரர், வேலூர்

மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் சிகிச்சைக்காக ஊர்விட்டு ஊர் வருபவர்களை முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையைத் தேடி, வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருபவர்களால்தான் எங்கள் தெருவில் பாதிப் பலகைகள் வங்காளி எழுத்தில் இருக்கின்றன. வெளியூரில் சிகிச்சை பெறுவது எப்படி என்பதை அவர்களிடம் நான் கற்றுக்கொண்டேன்.

நன்றாக முடித்துக்கொண்டு போகிறவர்கள், திரும்பும் பயணச்சீட்டைக் கடைசியில் எடுக்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே காட்பாடியில் ரயில் ஏற வேண்டும் என்று முன்பதிவு செய்துகொண்டு வருபவர்கள்தாம் சங்கடப்படுகிறார்கள். ஒருவர் அப்படிக் கிளம்பி, விஜயவாடாவில் இறங்கி மருத்துவமனை தேடியதாக இரவில் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். மொழியும் தெரியாது, காகிதங்கள் பெட்டியின் அடியில். அன்றிலிருந்து எங்கள் விடுதியில், காகிதங்களைத் தோள்பையில் வையுங்கள் என்று சொல்லி அனுப்புவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

உங்களுக்கு அக்கா வீடு இருக்கிறது. வெளியூர் போகும் நோயாளிக்கு அதைவிடப் பெரிய வசதி இல்லை. பிறகு ஏன் நான்காம் நாள்? பத்து நாளாவது தங்குங்கள், தேதி மாற்றக்கூடிய சீட்டு எடுங்கள். பணம் கட்டும் முன், இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் எடுக்கப்போவது மருத்துவமனையா முகவரா என்று கேளுங்கள். கேட்பதோடு நிற்காமல், ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு அழைத்தும் பாருங்கள்.

குடியாத்தம் ஆசிரியை

மூவருக்கும் என் நன்றி. செவிலியர் அம்மா, உங்கள் பதிவை நானும் கணவரும் இருமுறை படித்தோம். குடல்வால் அறுவைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. முகவரிடம் உடனே எழுதிக் கேட்டேன். "பலருக்கும் சிசேரியன் ஆகியிருக்கிறது, பிரச்சினை இல்லை" என்று ஒரு வரி வந்தது. குடல்வாலைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் இல்லை. அக்காவை அங்குள்ள மருத்துவமனையிடமே நேரில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு சந்தேகங்கள். பள்ளியில் எங்களுக்கு எடுத்திருக்கும் மருத்துவக் காப்பீட்டில் இதில் ஏதாவது கிடைக்குமா? மற்றொன்று, மாமியாரிடம் சொல்லாமல் சமாளிக்க வழியே இல்லையா?

வாலாஜா காப்பீட்டு முகவர்

சகோதரி, காப்பீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் உடல் பருமன் சிகிச்சையும் ஒன்று. பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியீட்டெண்) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அல்லது 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல், இதய நோய் போன்றவை இருக்க வேண்டும். அப்போதும் மருத்துவர் பரிந்துரைத்த அறுவை சிகிச்சைக்குத்தான் விலக்கு தளரும். நீங்கள் கொடுத்த கணக்குப்படி உங்கள் பி.எம்.ஐ. 38.5, பலூன் அறுவையும் இல்லை. உள்நாட்டுப் பாலிசிகள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சிகிச்சையை ஏற்பதில்லை. பயணக் காப்பீடு எடுத்தாலும், சிகிச்சைக்காகவே போன பயணத்தில் அந்தச் சிகிச்சையால் வரும் சிக்கலை அதில் கோர முடியாது. ஆகவே துபாயில் கட்டும் தொகையைத் தவிர, இங்கே அவசரமாகச் சேர்க்க நேர்ந்தால் ஆகும் செலவையும் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். பாலிசியின் விதிகளைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டு ஒருமுறை நேரில் படித்துவிடுவது நல்லது.

ஓய்வுபெற்ற செவிலியர், சத்துவாச்சாரி

மாமியாரிடம் சொல்வதா என்பது உங்கள் குடும்ப விஷயம். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் கணவர் வேலைக்குப் போயிருக்கும் பகலில் நீங்கள் மயங்கி விழுந்தால், ஆட்டோ பிடித்து உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடப்போவது யார்? அவசர சிகிச்சைப் பிரிவில் "என்ன ஆயிற்று?" என்று கேட்கும்போது பதில் சொல்லப்போவது யார்? அந்த ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பலூன் இருப்பது தெரியாமல், வெறும் வாந்தி என்று ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பொழுது வீணாகும். தெரிந்திருந்தால் முதல் படமே சரியான இடத்தில் எடுப்பார்கள்.

மாமியார்கள் எல்லோரும் ஊருக்குச் சொல்பவர்கள் இல்லை, அம்மா. என் மருமகளின் முதல் சிகிச்சையை நான்தான் மூன்று ஆண்டுகள் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

ராணிப்பேட்டை தோல் வணிகர்

செவிலியர் அம்மா சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன்பே இங்கே ஒரு குடல், இரைப்பை மருத்துவரைப் பார்த்து, "நான் இப்படி வைத்துக்கொண்டு வந்தால், பிரச்சினை என்றால் பார்ப்பீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். பார்ப்பேன் என்று ஒருவர் சொன்ன பிறகு பயணச்சீட்டு எடுங்கள். பழைய அறுவைகளின் காகிதம் ஏதாவது கிடைத்தால் அதையும் தேடி எடுங்கள். வெடித்த குடல்வாலில் உள்ளே எவ்வளவு பரவியிருந்தது என்பது அதில் இருக்கும்.

குடியாத்தம் ஆசிரியை (மூன்று வாரம் கழித்து)

என்ன நடந்தது என்பதை எழுதாமல் விட்டால் உங்கள் அக்கறைக்கு நான் நியாயம் செய்தவள் ஆகமாட்டேன்.

அக்கா அந்த மருத்துவமனைக்கு நேரில் போனார். நான் அனுப்பிய படிவம் மருத்துவரிடம் போய்ச் சேரவே இல்லையாம். குடல்வால் வெடித்து வயிற்றைத் திறந்தது என்று கேட்டதும், சி.டி. ஸ்கேனும் பழைய அறுவையின் விவரமும் இல்லாமல் விழுங்கும் பலூனைத் தர முடியாது என்று அந்த மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். எண்டோஸ்கோபியில் எடுக்கும் வகையை வேண்டுமானால் யோசிக்கலாம், அதை எடுக்கவும் அங்கேயே வர வேண்டும் என்றாராம்.

வேலூரில் எண்டோஸ்கோபி செய்துகொண்டேன். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் சிறிய புண் இருந்தது. ஹெலிகோபாக்டர் கிருமியும் உறுதியாயிற்று. பதினான்கு நாள் மருந்து முடிந்துவிட்டது. அமிலத்துக்கான மாத்திரை தொடர்கிறது. எட்டு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அதற்கு முன் எந்த பலூனும் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். முழங்காலுக்குப் பிசியோதெரபிக்குப் போகிறேன், வலி மாத்திரையைத் தொட்டு இருபது நாளாகிறது. வார ஊசியைப் பற்றிக் கேட்டேன்; புண் ஆறிய பின் பேசலாம் என்றார்.

மருத்துவமனை வரிசையில் நான் பயந்தபடியே உறவினர் ஒருவர் இருந்தார். வயிற்றுப் புண் என்று சொன்னேன், அது உண்மையாகவே இருந்தது. அன்று மாலை நானே மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து போய், இரவுக்குக் கேழ்வரகுக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

மே மாதப் பயணத்தை விட்டுவிட்டோம். முகவரிடம் கட்டிய முன்பணத்தில் பாதி திரும்பி வந்தது. அக்காதான் சிரசுத் திருவிழாவுக்கு இங்கே வருகிறார். ராணிப்பேட்டை ஐயா, நீங்கள் சொன்னபடி அம்மா வீட்டுப் பரணில் தேடினோம். குடல்வால் அறுவையின் டிஸ்சார்ஜ் காகிதம் என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு ஒரே கோப்பில் இருந்தது. அதைப் படமெடுத்து இங்குள்ள மருத்துவருக்கும் அக்காவுக்கும் அனுப்பியிருக்கிறேன்.